கோவிலைக் கட்டினார்கள், உப்பை மறக்கலாமா?

முட்டை வடிவத்தில் உப்பை நீங்கள் பார்த்தது உண்டா? கோழி முட்டை அளவு அல்ல. இரண்டு கைகளாலும் ஏந்த வேண்டும், அவ்வளவு பெரிது! உடைந்த மண்சட்டியில் பாதி புதைந்தபடி இருக்கும்.

பிலிப்பைன்ஸ் நாட்டில் போஹோல் என்று ஒரு தீவு மாகாணம் இருக்கிறது. இந்த உப்பு அங்கேதான் பிறக்கிறது.

ரத்த சத்தியம்

போஹோலில் பார்ப்பதற்குப் பழைய இடங்கள் பல. தலைநகரமான தாக்பிலாரனில் ஒரு சிலை நிற்கிறது. 1565-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஸ்பெயின் தளபதி லெகாஸ்பியும் தீவின் தலைவன் சிகதுனாவும் கையைக் கீறி, ரத்தத்தை மதுவில் கலந்து குடித்தார்கள். நட்புக்கு அது சத்தியம். அதை நினைவூட்டும் சிலை இது.

அந்த நட்பு நிலைத்ததா? 1744-ல் தகோஹோய் என்பவர் ஸ்பெயினை எதிர்த்துக் கிளம்பினார். அந்தக் கலகம் அடங்குவதற்குச் சுமார் 85 ஆண்டுகள் ஆயின!

தலைநகரை அடுத்த ஊர் பக்லயோன். அங்கே உள்ள மாதா கோவிலைப் பவளப் பாறைக் கற்களால் கட்டினார்கள். 1727-ல் கட்டியது என்பார்கள். சுண்ணாம்புச் சாந்தில் முட்டையின் வெள்ளைக் கருவையும் சேர்த்தார்களாம். அப்படியானால் மஞ்சள் கரு என்ன ஆயிற்று? அதை வீணாக்காமல் பலகாரம் செய்தார்கள் என்பது ஊரார் சொல்லும் கதை. அந்த ஊர் ‘ப்ரோவாஸ்’ இன்றும் பிரசித்தம். விரல் நீளத்துக்கு இருக்கும் லேசான பிஸ்கோத்து அது. வாயில் போட்டால் கரையும்.

2013-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி காலை பூமி குலுங்கியது. 200-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். லூன், மரிபோஹோக் ஊர்களின் கோவில்கள் தரைமட்டமாயின. பக்லயோன், லோபோக் கோவில்களுக்குப் பலத்த சேதம். சர்க்கார் பணம் ஒதுக்கியது, நிபுணர்கள் வந்தார்கள். விழுந்த கற்களைச் சேகரித்துத் திரும்பக் கட்டினார்கள். லோபோக் கோவில் 2021-ல் ஒப்படைக்கப்பட்டது. பாராட்ட வேண்டிய காரியம்தான்.

ஆனால் உப்புக்கு யார் இருக்கிறார்கள்?

மாதக்கணக்கில் உழைப்பு

பக்லயோனுக்கு அடுத்த ஊர் அல்புர்கெர்கே. ஜனங்கள் சுருக்கமாக ‘அல்புர்’ என்பார்கள். முட்டை உப்பு அந்த ஊர்ச் சரக்கு. ‘ஆசின் திபுவோக்’ என்று அதற்குப் பெயர். உடையாத முழு உப்பு என்று அர்த்தம்.

தேங்காய் மட்டைகளைக் கடல் நீர்க் குழியில் சில மாதங்கள் ஊறப்போடுகிறார்கள். பிறகு துண்டு துண்டாக வெட்டி வெயிலில் காயவைக்கிறார்கள். காய்ந்ததைக் குவித்து, பல நாட்கள் கனன்று கனன்று சாம்பலாகும்படி எரிக்கிறார்கள். அந்தச் சாம்பலைக் கூம்பு போன்ற மூங்கில் கூடையில் போட்டு, மேலே கடல் நீரை ஊற்றுகிறார்கள். கீழே சொட்டுவது கெட்டியான உப்பு நீர்.

அதை மண்சட்டிகளில் ஊற்றி அடுப்பின் மேல் காய்ச்சுகிறார்கள். வற்ற வற்ற மேலும் ஊற்ற வேண்டும். பக்கத்திலேயே இருந்து நெருப்பைக் கவனிக்க வேண்டும். கடைசியில் சட்டியின் அடி வெடிக்கும். உள்ளே உப்பு கல்லாக இறுகியிருக்கும். ஒவ்வொரு தடவையும் புதுச் சட்டி!

புகை மணம் வீசும் இந்த உப்பைச் சுரண்டிச் சோற்றில் தூவிக்கொண்டால் போதும், சாப்பாடு முடிந்தது. முன் காலத்தில் உப்பைச் சுமந்துகொண்டு உள்ளூர்களுக்குப் போய் நெல்லுக்கு மாற்றிக்கொண்டு வருவார்கள்.

பிறகு கடைகளில் மலிவு உப்பு வந்தது. 1995-ல் உப்பில் அயோடின் சேர்க்க வேண்டும் என்று சட்டமும் வந்தது. கழுத்துக் கழலை நோயைத் தடுக்க அது நல்ல சட்டம். குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஆலைக்கும் அடுப்படிக்கும் ஒரே விதி என்றால் அடுப்படிதானே அணையும்? ஒவ்வொரு குடும்பமாகத் தொழிலை விட்டது. கடல் இருக்கிறது, தென்னை இருக்கிறது. பக்குவம் தெரிந்த கை மட்டும் குறைந்துவிட்டது. 2010-ஐ ஒட்டி ஒரு குடும்பம் துணிந்து மீண்டும் அடுப்பு மூட்டியிராவிட்டால், இந்தப் பெயரே மறைந்திருக்கும்.

கல் விழுந்தால் பொறுக்கி அடுக்கலாம். பக்குவம் தெரிந்த கிழவர் போய்விட்டால் எதைப் பொறுக்குவது?

ஹக்னா ஊரின் ‘கலமாய்’ அதிர்ஷ்டசாலி. பசையுள்ள அரிசி, தேங்காய்ப் பால், பழுப்புச் சர்க்கரை மூன்றையும் கிண்டிச் செய்யும் இனிப்பு அது. கொட்டாங்கச்சியில் அடைத்துச் சிவப்புக் காகிதம் ஒட்டி விற்கிறார்கள். வருகிறவர்கள் வாங்கிப் போவதால் பிழைத்துக்கொண்டது.

ஊதா நிற வள்ளிக்கிழங்கு தரையில் விழுந்தால், எடுத்து முத்தமிட்டு வைக்கும் ஜனங்கள் போஹோல்வாசிகள். ஆகாரத்துக்கு அவ்வளவு மரியாதை! அவர்களுடைய சர்க்கார், கோவில் கல்லுக்குச் செலவழித்ததில் ஒரு சிறு பங்கையாவது உப்புக் கொட்டகைக்குக் கொடுக்கட்டும். தொழில் கற்க வரும் பையனுக்கு மாதச் சம்பளம் கிடைக்கட்டும். சட்டி செய்கிற குயவருக்கு முன்பணம் கிடைக்கட்டும். பக்லயோன் கோவிலைப் பார்க்க வரும் பயணிகளும் அதே கடற்கரைச் சாலையில் இன்னும் சில மைல் போனால் அல்புர் வந்துவிடும். புகை தெரிகிற இடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லலாம்.