பன்னிரண்டு ஹிட் கொடுத்து வென்றவர்

1959 மே 26 அன்று மில்வாக்கி கவுண்டி அரங்கில் நடந்த பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஹார்வி ஹாடிக்ஸுக்காகவே இரங்குகிறார்கள். இரக்கத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் அந்த இடக்கை எறிவாளர், உடல்நலமின்றிக் களமிறங்கி, மில்வாக்கி பிரேவ்ஸ் அணியின் மட்டையாளர்கள் 36 பேரைத் தொடர்ச்சியாக அவுட்டாக்கினார். ஒருவர்கூட முதல் தளத்தை எட்டவில்லை. ஒன்பது இன்னிங்ஸில் 27 பேரை இவ்வாறு வீழ்த்தி வென்றாலே அது ‘பெர்ஃபெக்ட் கேம்’. ஹாடிக்ஸ் பன்னிரண்டு இன்னிங்ஸ் வரை அப்படியே எறிந்தார். ஆனால் அவருடைய அணியும் ரன் எடுக்கவில்லை.

13ஆம் இன்னிங்ஸில் மூன்றாம் தளக் காப்பாளர் டான் ஹோக் செய்த பிழையால் ஃபீலிக்ஸ் மான்டில்லா முதல் தளம் சேர்ந்தார். எடி மேத்யூஸ் தாம் அவுட்டாகி அவரை இரண்டாம் தளத்துக்கு நகர்த்தினார். ஹாங்க் ஆரனுக்கு வேண்டுமென்றே தளம் கொடுக்கப்பட்டது. அடுத்து ஜோ அட்காக் பந்தை வேலிக்கு அப்பால் அடித்தார். ஓடும்போது ஆரனை அவர் முந்திவிட்டதால் அந்த ஹோம் ரன் செல்லாமல் போய், ஆட்டம் 1-0 என்று பதிவாயிற்று.

எதிரணிக்காக அன்று எறிந்தவர் லூ பர்டெட். பதின்மூன்று இன்னிங்ஸையும் அவரே எறிந்தார். 12 ஹிட் கொடுத்தார். ரன் ஒன்றும் கொடுக்கவில்லை. அவரை அதிர்ஷ்டசாலி என்று ஒதுக்கிவிட்டு ஹாடிக்ஸை மட்டும் நினைவுகூரும் வழக்கம் எனக்கு ஏற்புடையதன்று.

பூஜ்யத்தையும் பன்னிரண்டையும் அருகருகே வைத்தால் இருவருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு தோன்றும். ஆனால் ஹிட் என்பது எறிவாளர் தனித்துப் படைக்கும் எண் அன்று. ஹாடிக்ஸ் வீழ்த்திய 36 பேரில் ஸ்ட்ரைக்அவுட் ஆனவர்கள் எட்டுப் பேரே. எஞ்சிய 28 பேரை வீழ்த்தியதில் களத்தில் நின்றவர்களின் கைகளுக்கும் பங்குண்டு. மட்டையில் பட்டுக் களத்துக்குள் விழும் பந்து ஹிட்டாகுமா ஆகாதா என்பதில் எறிவாளர்களிடையே உள்ள வேறுபாடு நாம் எண்ணுவதைவிட மிகக் குறைவு என்று 2001இல் வோரோஸ் மெக்ராக்கன் வாதிட்டார். அவ்வாதம் பின்னர் திருத்தங்களுக்கு உள்ளானாலும் அதன் மையம் நிலைத்திருக்கிறது. பர்டெட்டோ 13 இன்னிங்ஸிலும் தவறான பந்துகளை வீசி ஒருவருக்கேனும் இலவசமாகத் தளம் கொடுக்கவில்லை. அது எறிவாளரின் சொந்தக் கணக்கு. அன்று மேலாக எறிந்தவர் ஹாடிக்ஸ்தான், ஐயமில்லை. ஆயினும் இடைவெளி பன்னிரண்டு அளவு பெரிதன்று. 1957 உலகத் தொடரில் நியூயார்க் யாங்கீஸை மூன்று முறை வென்று, அவற்றுள் இரண்டில் ரன்னே கொடுக்காத பர்டெட்டை வெறும் அதிர்ஷ்டசாலி என்பது எப்படி? (பந்தில் எச்சில் தடவுகிறார் என்ற ஐயம் அவர்மீது ஓயாமல் இருந்தது, அது வேறு கதை.)

1991இல் மேஜர் லீக் பேஸ்பாலின் புள்ளிவிவரக் குழு, ஆட்டம் முடியும்வரை ஹிட் கொடுக்காதிருந்தால்தான் ‘நோ-ஹிட்டர்’ என்று வரையறுத்தது. ஹாடிக்ஸின் ஆட்டம் பட்டியலிலிருந்து நீங்கியது. பலர் கொதித்தார்கள். எனக்கு அக்குழுவின்மீது கோபமில்லை. பட்டியல் என்றிருந்தால் எல்லை வகுத்தே ஆகவேண்டும். பட்டியலில் இல்லாததால் சாதனையே குறைந்துவிட்டதாகப் பதறுவதுதான் எனக்குப் புரியவில்லை. மேற்கோள் எண்ணிக்கை பார்த்து ஆய்வாளரை எடைபோடும் நம் தேர்வுக் குழுக்களை எதிர்த்துப் பேசும் நாமும், நம் கட்டுரை தரவரிசையிலிருந்து நழுவினால் அப்படித்தான் பதறுகிறோம்.

1960 ஆகஸ்டில் பிலடெல்பியா அணிக்கு எதிராக பர்டெட் ஒரு ஹிட்டும் கொடுக்காமல் 1-0 என்று வென்றார். ஒரே ஒரு மட்டையாளர் உடலில் பந்து பட்டு முதல் தளம் சென்றார். அவரும் அடுத்து நிகழ்ந்த இரட்டை அவுட்டில் வீழ்ந்தார். அந்த ஒரே ரன்னை ஓடி எடுத்தவரும் பர்டெட்தான். அந்த ஆட்டம் இன்றும் பட்டியலில் இருக்கிறது.