பாக்கி இருக்கும் 13 ஓவர்

"மழை வந்தா கோப்பையை ரெண்டு பேருக்கும் கொடுத்துடறதுதானுங்க சார் நியாயம்?" என்று ஒரு பழைய மாணவர் கேட்டிருந்தார். நியாயம் இல்லை கண்ணு. பதில் கொஞ்சம் நீளம்.

2022 ஜூலை 31, ஞாயிற்றுக்கிழமை. நம்ம நவ இந்தியா எஸ்.என்.ஆர். கல்லூரி மைதானத்தில் டி.என்.பி.எல். இறுதி ஆட்டம். மழையால் 17 ஓவராகக் குறைத்தார்கள். கோவை கிங்ஸ் 138 ரன். சேப்பாக் சூப்பர் கில்லீஸ் 4 ஓவரில் 2 விக்கெட்டுக்கு 14. மறுபடியும் மழை. இரண்டு அணியும் சாம்பியன் என்று சொல்லி முடித்துவிட்டார்கள்.

இருபது ஓவர் ஆட்டத்தில் இரண்டாவதாக ஆடும் அணி 5 ஓவராவது ஆடியிருந்தால்தான் மழைக் கணக்குப் போட முடியும். ஆக, ஆறே பந்து குறைச்சல்! அதை வீசியிருந்தால் பெரும்பாலும் கோப்பை நமக்குத்தான். ஆனால் நான் அதையும் கேட்கவில்லை. ஒரு சீசன் முழுக்க ஆடிவிட்டு, ஐந்து ஓவரில் தோற்றாய் என்று சேப்பாக்கிடம் சொல்வதும் அரைவேக்காடுதான்.

நான் கேட்பது, மறுநாள் வந்து விட்ட இடத்திலிருந்து ஆடுங்கள் என்பதுதான். மறுநாள் இருந்தால் மட்டும் போதாது. 2002 சாம்பியன்ஸ் டிராபி இறுதி ஆட்டம் நினைவிருக்கிறதா? கொழும்பில் முதல் நாள் இலங்கை 50 ஓவரில் 244. இந்தியா 2 ஓவரில் 14. மழை. மறுநாள் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்! இலங்கை மறுபடி 50 ஓவர் ஆடி 222, நாம் 38 எடுத்தபோது மறுபடி மழை. இரண்டு நாளில் 110 ஓவர் வீசியும் கோப்பை பங்குதான். முதல் நாள் ஆட்டத்தைத் தொடர்ந்திருந்தால் முடிவு தெரிந்திருக்கும்.

அமெரிக்காவில் பேஸ்பால் ஆடுகிறவர்கள் 2008-இல் சரியாகச் செய்தார்கள். பிலடெல்பியாவில் உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டம், 9 சுற்றில் ஆறாவது பாதியில் மழையால் நின்றது. அப்போது 2-2. இரண்டு நாள் காத்திருந்து அதே இடத்திலிருந்து ஆடினார்கள். பிலடெல்பியா 4-3 என்று ஜெயித்துப் பட்டத்தையும் வாங்கியது. அங்கே வேலைபார்க்கும் நம்ம பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்கும்.

செலவாகும், திங்கட்கிழமை கூட்டம் வராது என்பார்கள். வரும். 2023 ஐ.பி.எல். இறுதி ஆட்டம் ஞாயிறு மழையில் போய் திங்கட்கிழமைதான் நடந்தது. ஜடேஜா கடைசிப் பந்தை அடித்தபோது நடுராத்திரி தாண்டியிருந்தது. யார் தூங்கினீர்கள்?

ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சாரல் வரும் என்று நம்ம ஊரில் சின்னப் பிள்ளையும் சொல்லும். அதே மாசத்தில் இறுதி ஆட்டம் வைக்கிறவர்கள், அதை முடிக்கவும் வழி வைத்திருக்க வேண்டாமா?

அடுத்த வருடம் நெல்லை அணியை 104 ரன்னில் வென்று கோவை தனியாகவே கோப்பையைத் தூக்கியது. சந்தோஷம்தான். ஆனாலும் என் கணக்கில் 2022-இல் 13 ஓவர் பாக்கி நிற்கிறது. மறுத்துப் பேச விரும்புகிறவர்கள் கீழே எழுதுங்கள். சென்னையில் குடியேறிய மாப்பிள்ளைகளும் தாராளமாக வரலாம்.