பிராசஸரா, கிராஃபிக்ஸ் கார்டா?

பெருநாள் விடுமுறையில் என் தங்கையின் மகன் வீட்டிற்கு வந்திருந்தான். கல்லூரி மாணவன். மாலை வேளைகளில் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, இரண்டு ஆண்டுகளில் 22,000 ரூபாய் சேர்த்திருக்கிறான். அத்தொகையைக் கொண்டு தன் கணினிக்குப் புதிய கிராஃபிக்ஸ் கார்டு வாங்கப் போவதாகச் சொன்னான்.

"விளையாடும்போது படம் திக்கித் திக்கி ஓடுகிறது, மாமா. கார்டை மாற்றினால் சரியாகிவிடும் என்று கூட்டாளிகள் எல்லாரும் சொல்கிறார்கள்."

"கூட்டாளிகள் சொல்வது இருக்கட்டும். கணினி என்ன சொல்கிறது?" என்று கேட்டேன்.

அவன் விழித்தான். பிறகு தயக்கத்துடன், "வாப்பா இந்த ஆண்டோடு சவூதியிலிருந்து முடித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். இனி இதற்கென்று வீட்டில் கேட்க முடியாது. வாங்கினால் ஒரே தடவைதான்" என்றான்.

வாசக அன்பர்களே! கணினியில் விளையாடுவது நன்றா, தீதா என்னும் விவாதம் இங்கு வேண்டாம். வியர்வை சிந்திச் சேர்த்த பணத்தைத் தவறான பொருளில் போட்டுவிட்டு, "வாங்கியும் பயனில்லையே" என்று ஒரு பிள்ளை ஏங்கக் கூடாது என்பதே என் கவலை.

ஒரு கல்யாண விருந்தை எண்ணிப் பாருங்கள். அடுப்படியில் பண்டாரி சோறாக்கி இறக்குகிறார். பந்தலில் பரிமாறுவோர் அதைச் சஹன்களில் இட்டு விருந்தினர் முன் வைக்கிறார்கள். விளையாட்டுக் கணினியின் உள்ளே நிகழ்வதும் ஏறக்குறைய இதுவே. யார் எங்கே நிற்கிறார், பந்து எத்திசையில் போகிறது, அடுத்து என்ன நேரும் என்பனவற்றையெல்லாம் கணக்கிட்டு, வரைய வேண்டியதைச் சொல்லி அனுப்புவது பிராசஸர், அதுவே பண்டாரி. அச்சொல்லை ஏற்றுப் புள்ளி புள்ளியாகப் படத்தை வரைந்து திரைக்கு அனுப்புவது கிராஃபிக்ஸ் கார்டு; அதுவே பரிமாறுபவர். வினாடிக்கு 60 படங்கள் வேண்டுமென்றால், ஒவ்வொரு படத்திற்கும் இருவரும் தத்தம் பங்கைச் சுமார் 16.7 மில்லி வினாடிக்குள் முடித்தாக வேண்டும்.

விருந்து தாமதமாகிறது என்று வைத்துக்கொள்வோம். இறக்கிய தேக்சாக்கள் வரிசையாக நிற்க, பரிமாற ஆளில்லை என்றால் ஆள் சேர்க்க வேண்டியதுதான். ஆனால் பரிமாறுவோர் வெறுங்கையுடன் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தால், இன்னும் பத்துப் பேரைக் கூட்டி என்ன பயன்? அவர்களும் சேர்ந்து நிற்பார்கள், அவ்வளவே.

காத்து நிற்பவர் யார் என்பதை அறியச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. சஹன்களின் எண்ணிக்கையைக் குறைத்துப் பார்ப்பதே அது. திரை 1920க்கு 1080 என்ற அளவில் இருந்தால், ஒவ்வொரு படத்திலும் 20,73,600 புள்ளிகள். விளையாட்டின் அமைப்புப் பகுதியில் அதனை 1280க்கு 720 ஆகக் குறைத்தால் 9,21,600 புள்ளிகள், பாதிக்கும் குறைவு. கார்டின் சுமை பெரிதும் இறங்கிவிடும்; பிராசஸரின் சுமையோ ஏறத்தாழ அப்படியே இருக்கும். இப்போது வினாடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை நன்றாக உயர்ந்தால், தடை கார்டில் இருக்கிறது. உயராமல் அப்படியே நின்றால், தடை அடுப்படியில், அதாவது பிராசஸரில் இருக்கிறது. சோதிக்கும் முன் ‘வி-சிங்க்’ என்னும் பூட்டையும், படங்களின் எண்ணிக்கைக்கு வைத்திருக்கும் வரம்பையும் நீக்கிவிட வேண்டும். இல்லையேல் சோதனை பொய் சொல்லும்.

மருமகன் வீட்டிற்குப் போய்ச் சோதித்தான். 2020இல் வாங்கிய கணினி அது. ஏஎம்டியின் ரைசன் 5 2600 பிராசஸர், என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டு. அவன் ஆடுவது கவுண்டர்-ஸ்டிரைக் 2. திரையளவைக் குறைத்தும் எண் அசையவில்லை. கார்டு தன் ஆற்றலில் பாதியளவே உழைத்துக்கொண்டிருந்தது.

"ஆனால், மாமா, டாஸ்க் மேனேஜரில் பிராசஸரும் பாதிகூட வேலை செய்வதாகக் காட்டவில்லையே?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. அந்தப் பிராசஸருக்குள் ஆறு கோர்கள் உள்ளன. விளையாட்டின் முதன்மையான கணக்கு பெரும்பாலும் ஒன்றிரண்டு கோர்களின் தலையில்தான் விழும். அடுப்படியில் ஆறு பேர் இருந்தும் தேக்சாவைக் கிண்டுபவர் ஒருவர்தானே! அவர் மூச்சுத் திணறும்போது, மற்றவர்கள் வெங்காயம் உரித்து முடித்து அமர்ந்திருப்பார்கள். சராசரியைப் பார்த்தால் அடுப்படி ஓய்வாக இருப்பதாகவே தோன்றும். ஆகவே பார்க்க வேண்டியது கார்டின் உழைப்புக் கணக்கை. அது இடைவிடாமல் 95 விழுக்காட்டிற்கு மேல் நின்றால் கார்டே தடை. வெகுவாகக் கீழே இருந்தால், கார்டு யாருக்காகவோ காத்திருக்கிறது.

அவனுடைய கூட்டாளி ஒருவனிடமும் அதே பிராசஸர், அதே கார்டு. அவன் ஆடுவதோ 2020இல் வெளிவந்த சைபர்பங்க் 2077. அவன் சோதித்தபோது எண் சட்டென்று உயர்ந்தது. ஒரே வகைக் கணினி. இருவருக்கும் இரு வேறு விடைகள். அவன் கார்டு வாங்கினால் பலன் உண்டு. அதைக் கண்டு இவனும் வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். "எதை வாங்கலாம்?" என்று ஒரு பிள்ளை கேட்டால், "எதை ஆடுகிறாய்?" என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டியிருப்பது இதனால்தான்.

பணப்பையைத் திறக்கும் முன், செலவின்றிச் சரி செய்யக்கூடியவற்றையும் பார்த்துவிட வேண்டும். இரண்டு ரேம் துண்டுகள் இருந்தால், மதர்போர்டின் கையேடு சொல்லும் இடங்களில் அவை செருகப்பட்டுள்ளனவா? மருமகனின் ரேமில் 3200 என்று எழுதியிருந்தும், அது 2133இலேயே ஓடிக்கொண்டிருந்தது. பயாஸில் எக்ஸ்எம்பி என்னும் அமைப்பை இயக்கியதும் நிலைமை சற்றே முன்னேறியது. தூசி அடைத்து, பிராசஸர் சூடேறித் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்வதும் உண்டு. திரையையும் மறந்துவிடலாகாது. 60 ஹெர்ட்ஸ் திரை வினாடிக்கு 60 முறைக்கு மேல் படத்தை மாற்றாது. 144 ஹெர்ட்ஸ் திரையை வாங்கிவிட்டு, விண்டோஸில் 60 என்றே விட்டு வைத்திருப்போரும் இருக்கின்றனர்.

பிராசஸர்தான் என்று முடிவானால், அது அமரும் சாக்கெட்டைப் பார்க்க வேண்டும். மருமகனின் மதர்போர்டு பி450 வகை, சாக்கெட் ஏஎம்4. 2022இல் வெளிவந்த ரைசன் 5 5600 அதிலேயே அமரும். அவனுடைய ரேமையோ பவர் சப்ளையையோ மாற்ற வேண்டியதில்லை. ஆனால் பழைய பிராசஸரைக் கழற்றும் முன்பே பயாஸைப் புதுப்பித்தாக வேண்டும். பழைய பயாஸுக்குப் புதிய பிராசஸரை அடையாளம் தெரியாது. புதுப்பிக்கும் வேளையில் மின்சாரம் போனால் மதர்போர்டே முடங்கிவிடக்கூடும். எனவே கணினியை யு.பி.எஸ்.ஸில் இணைத்த பின்னரே அவ்வேலையைத் தொடங்க வேண்டும்.

இன்டெல் வைத்திருப்போர் இன்னும் கவனமாக இருத்தல் நலம். ஆறாம், ஏழாம் தலைமுறைக்கும், எட்டாம், ஒன்பதாம் தலைமுறைக்கும் சாக்கெட்டின் எண் 1151 என்பதே. எண் ஒன்றாயினும், முன்னவற்றிற்கான மதர்போர்டில் பின்னவை இயங்கா. பிராசஸருக்காக மதர்போர்டு, மதர்போர்டுக்காக ரேம் என்று செலவு நீண்டால், கணக்கை முதலிலிருந்து போட வேண்டியதுதான்.

கார்டுதான் என்று முடிவானாலோ, பவர் சப்ளை அதனைத் தாங்குமா, அதற்குரிய மின் இணைப்பு முனை உண்டா, பெட்டிக்குள் அதன் நீளம் அடங்குமா என்று கடைக்குப் போகும் முன்பே அளந்துகொள்ள வேண்டும்.

மருமகன் பிராசஸரை மாற்றினான். திக்கல் நின்றது. மீந்த தொகையை உம்மாவிடம் கொடுத்து வைத்திருக்கிறான். சென்ற வாரம் தொலைபேசியில் பேசும்போது, "கார்டு வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும், மாமா?" என்று கேட்டான்.

"புதிய கார்டும் பழையதைப் போலவே அடுப்படி வாசலில் நின்றிருக்கும்" என்றேன்.

பெற்றோர்களே! பிள்ளைகள் இப்படிப்பட்ட ஒன்றைக் கேட்டு வரும்போது, "வேண்டாம்" என்று விரட்டுவதோ, "வாங்கிக்கொள்" என்று பணத்தை எடுத்துக் கொடுப்பதோ எளிது. அவ்விரண்டிற்கும் முன்னால், "சோதித்துப் பார்த்தாயா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கணினியைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும், அக்கேள்வியைக் கேட்க நம்மால் முடியும்.