காலாட்டியா, கவுன் மாட்டியா?

'காஞ்சிபுரம் போனால் காலாட்டிப் பிழைக்கலாம்' என்று ஒரு சொலவடை உண்டு. சும்மா உட்கார்ந்து காலை ஆட்டினால் சோறு வரும் என்று அர்த்தம் இல்லை சார்! தறிக்குழியில் காலை விட்டு மிதி மிதியென்று மிதித்தால்தான் சேலை வரும், கூலி வரும். அப்படி மிதித்துக் களைத்த அப்பாக்களில் சிலர், 'பையனாவது நாக்கை ஆட்டிப் பிழைக்கட்டும்' என்று பி.எல். படிக்க வைத்துவிடுகிறார்கள்.

பிள்ளையார்பாளையத்தில் அப்படி ஒரு பையன் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பார் கவுன்சிலில் பதிவும் ஆயிற்று. (பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி.க்கு 125 ரூபாய். அதற்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. கறுப்புக் கோட்டு அதைவிடக் காஸ்ட்லி!) அடுத்த கேள்வி... எங்கே சேர்வது?

ஒரு பக்கம், சென்னையில் ஏ.சி. போட்ட லா ஃபர்ம். கழுத்தில் அட்டை, மாசம் பிறந்தால் சம்பளம். மறுபக்கம் உள்ளூர் சீனியர். மர பெஞ்சு, பழைய கேஸ் கட்டுகள், அவற்றைவிடப் பழைய குமாஸ்தா. சம்பளம்? "முதல்ல தொழிலைக் கத்துக்கப்பா... பணம் தானா வரும்!"

அம்மாவின் ஓட்டு ஏ.சி.க்கு. அப்பா வாயைத் திறக்கவில்லை. கடன்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே!

ஃபர்ம் மட்டமில்லை. கம்பெனி ஒப்பந்தம் எழுதுவது, திருத்துவது என்று அது ஒரு தனி வித்தை. ஆனால், அங்கே சேர்ந்து மூன்று வருஷமாகியும் ஜட்ஜ் எதிரே 'மை லார்ட்' என்றுகூட வாய் திறக்காதவர்கள் உண்டு. வாதாட ஆசைப்படுகிறவன் இதை யோசிக்க வேண்டும். சிவில் ஜட்ஜ் தேர்வு எழுதக் குறைந்தது மூன்று வருஷம் வக்கீலாகத் தொழில் செய்திருக்க வேண்டும் என்று 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட் மறுபடி கொண்டுவந்துவிட்டது. பத்து வருஷ அனுபவமுள்ள வக்கீல் சான்று தர, அதைக் கோர்ட் அதிகாரி ஆமோதிக்க வேண்டும். ஆக, எந்த சீனியர் என்பது இனி தலையெழுத்து சமாசாரம்!

"உள்ளூர்ல என்ன சார் கேஸ் இருக்கு?" என்பீர்கள். வரதராஜப் பெருமாள் கோயில் வடகலை - தென்கலை தகராறு கோர்ட் ஏறி நூறு வருஷத்துக்கும் மேல் ஆகிறது. தாத்தா ஜூனியராகப் பார்த்த விவகாரத்தில் பேரன் சீனியராக ஆஜராகலாம்! கோயில் நிலம் என்றால் 1959-ம் வருஷத்து அறநிலையத் துறைச் சட்டம். காஞ்சிப் பட்டுக்கு 2005-06-லேயே புவிசார் குறியீடு கிடைத்தாயிற்று; போலிச் சேலை விற்பவன் இருக்கும்வரை வக்கீலுக்கு வேலை உண்டு. கடனுக்கு ஜவுளி எடுத்தவர் கொடுத்த செக் திரும்பினால் அதுவும் ஒரு கட்டு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனால் தொழிற்சாலைகள். 2024-ல் சாம்சங் ஆலையில் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் நடந்ததே! பரந்தூரில் விமான நிலையத்துக்கு நிலம் எடுப்பு. இதற்கு மேல் என்ன வேண்டும்?

சரி, சோற்றுக்கு? அங்கேதான் கோர்வைச் சேலையைப் பார்க்கச் சொல்கிறேன். உடலும் கரையும் வேறு வேறு நிறம். நெசவாளி ஒருவர் தறியில் இருக்க, பக்கத்தில் உதவியாள் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளித் தருவார். பார்த்துப் பார்த்தே தொழிலும் கற்பார். அதற்காக, "கத்துக்கறே இல்லே, கூலி எதுக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிச் சேலையில் எழுந்து போய்விடுவார்!

ஜூனியர் மட்டும் என்ன பாவம் செய்தான்? 2024 ஜூனில் சென்னை ஹைகோர்ட் உத்தரவை ஒட்டி பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டது. சென்னை, மதுரை, கோவை என்றால் ஜூனியருக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாய். மற்ற ஊர்களில் 15,000. காஞ்சிபுரம் இரண்டாவது ரகம். சுற்றறிக்கை வந்துவிட்டது... முதல் தேதி கவர் வருகிறதா என்பதுதான் கேள்வி!

என் ஓட்டு இதுதான். வீட்டில் அடுப்பெரிய அவன் சம்பளம்தான் வேண்டுமென்றால், ஃபர்முக்குப் போகட்டும்; யாரும் குறை சொல்ல முடியாது. ஆறு மாதம் தாங்கும் என்றால் உள்ளூர் சீனியர். ஆனால், மூன்றைக் கேட்டுவிட்டுச் சேர வேண்டும். மாதம் எவ்வளவு? வாய்தா வாங்குவது தவிர, சின்ன சாட்சியையாவது குறுக்கு விசாரணை செய்ய விடுவாரா? இதற்கு முன் இருந்த ஜூனியர்கள் இப்போது எங்கே?

முதல் இரண்டையும் சீனியரிடமே கூச்சப்படாமல் கேட்கலாம். தனக்குச் சேர வேண்டியதைக் கேட்கத் தெரியாதவன், கட்சிக்காரனுக்காக என்னத்தைக் கேட்கப் போகிறான்?

மூன்றாவதை மட்டும் அவரிடம் கேட்காதீர்கள். குமாஸ்தாவை டீக்குக் கூப்பிடுங்கள். வடையும் வாங்கிக் கொடுத்தால் முழுத் தீர்ப்பே கிடைக்கும்!