பாதிக் காசு கிராபிக்ஸ் காட்டுக்கா?

பல்கலைக்கழகப் படிப்புக்கென மேசைக்கணினி பொருத்துவோர் பாதிக் காசைக் கிராபிக்ஸ் காட்டில் போட வேண்டும், மின்வழங்கியில் மிச்சம் பிடிக்கலாம் என்ற வாதம் விளையாட்டுப் பிரியருக்கே சரி. விசுவமடுவிலிருந்து கிளிநொச்சி அறிவியல் நகரின் பொறியியல் பீடத்துக்கோ, 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவுக்கோ போகும் மாணவருக்கு அது பொருந்தாது.

ரைசன் 5 5600ஜி போன்ற செயலியில் ஆறு கருக்களோடு காட்சிச் சில்லும் உள்ளேயே இருக்கிறது. நிரல் எழுத, மட்லாப் ஓட்ட, ஓட்டோகாட்டில் இருபரிமாணப் படம் வரைய அது தாராளம். அந்தச் சில்லு பிரதான நினைவகத்தையே பங்கிடுவதால், 16 ஜிபியை ஒரே துண்டாக வாங்காமல் 8 ஜிபி இரண்டாக வாங்கினால் வேகம் கூடும். மலிவென்று இன்டெலின் ‘எஃப்’ வகைச் செயலியை வாங்கினால், தனிக் காட் இல்லாமல் திரையில் ஒன்றும் வராது. மிச்சம் பிடித்த காசு அங்கேயே போயிற்று.

மின்வழங்கி விடயத்தில் அந்த வாதம் பிழை மட்டுமல்ல, ஆபத்தும்கூட. 2022 மார்ச் 31இல் நாட்டில் 13 மணி நேர மின்வெட்டு அமுலானது. அத்தகைய நீண்ட வெட்டுகள் பின்னர் நின்றாலும், மின்னழுத்தம் ஏறியிறங்கும்போது பெயர் தெரியாத மலிவு மின்வழங்கி தாய்ப்பலகையையும் சேர்த்துக் கொண்டுபோகக்கூடும். 80 பிளஸ் சான்றுள்ள ஒன்றும், கோப்பைச் சேமித்து ஒழுங்காக நிறுத்தச் சில நிமிடம் தரும் சிறு யுபிஎஸ்ஸும் முதற்செலவில் வர வேண்டியவை.

பெரிய முப்பரிமாண மாதிரிகளோ இயந்திரக் கற்றலோ செய்பவருக்குக் காட் தேவைதான். தாய்ப்பலகையில் அதற்கு இடம் இருக்கிறது. தேவை வரும் ஆண்டில் செருகலாம். முதல் நாளே வாங்க நியாயமில்லை.