டீடாக்ஸும் மல்லாட்டையும்

விழுப்புரம் பக்கம் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்றுதான் பேர். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தந்த ரகங்கள் 'டி.எம்.வி.' என்றே வழங்கும். அந்த மூன்றெழுத்துக்குள் ஊர்ப்பெயரே ஒளிந்திருக்கிறது.

அப்படிப்பட்ட மண்ணிலும் 'டீடாக்ஸ்' என்னும் நச்சு நீக்க மோகம் வந்துவிட்டது. பச்சைச் சாற்றுக்குக் காசைக் கொட்டுவானேன்? சிறுநீரகங்களே நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகின்றன. கல்லீரலும் சும்மா இருப்பதில்லை. பழத்தைப் பிழிந்து வடித்தால் நார்ச்சத்தில் பெரும்பகுதி சக்கையோடு போகிறது, அவ்வளவுதான்.

முழு உணவு வேண்டுமென்றால் சரி. ஓட்டோடு அவித்த மல்லாட்டை, உள்ளே சிவப்புத் தோல் உரியாமல். கேழ்வரகுக் கூழ், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். சர்க்கரை உள்ளவர்களுக்குக் கூழும் அளவோடுதான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், மருத்துவரைக் கேட்காமல் எந்த 'நச்சு நீக்க' உணவுமுறையிலும் இறங்க வேண்டாம்.