பொத்தானை அழுத்தினால் போதுமா?

"பொத்தானை அழுத்தினால் போதும்" என்ற வாக்கியத்தைப் போல மனிதனை மட்டம் தட்டும் வாக்கியம் வேறொன்று இல்லை என்பது என் அபிப்பிராயம். பணம் கொடுத்தாயிற்று, இனி யோசிக்கிற சிரமம் உனக்கு வேண்டாம் என்று அது சொல்கிறது. நாமும் அதை உபசாரம் என்று எடுத்துக்கொண்டு பூரித்துப் போகிறோம். மின்சார விசிறியைப் பற்றியோ மாவரைக்கும் யந்திரத்தைப் பற்றியோ இப்படிச் சொன்னால் பாதகமில்லை. மனிதர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உறங்கும் இடத்தில் நெருப்பு மூட்டுகிற யந்திரத்தைப் பற்றிச் சொன்னால், அதைக் குற்றம் என்றுதான் சொல்வேன்.

விஷயம் இதுதான். எடின்பரோவில் உத்தியோகம் பார்க்கும் என் மைத்துனன் ஒரு கேம்பர்வேன் வாங்கினான். படுக்கை, அடுப்பு, குளிர்ப்பெட்டி எல்லாம் உள்ளேயே அமைந்த வீட்டு வண்டி. அதை எடுத்துவரப் போனபோது நானும் உடன் போனேன். விற்பனையாளர் நல்ல மனிதர். படுக்கையை மடக்குவது எப்படி, பக்கவாட்டில் பந்தல்துணியை இழுத்துக் கட்டுவது எப்படி என்று அரைமணி நேரம் விளக்கினார். டீசல் ஹீட்டரிடம் வந்ததும், "இந்தப் பொத்தானை அழுத்தினால் போதும்" என்று முடித்துக்கொண்டார். நான் அதற்குள் கையேட்டைப் புரட்டியிருந்தேன்.

அன்று இரவே ஏவிமோர் பக்கம் மலையடிவாரத்தில் போய்த் தங்குவதாக ஏற்பாடு. அக்டோபர் மாதம், ஸ்காட்லாந்துக் குளிர். முதலில் வீட்டு வாசலில், பகல் வெளிச்சத்தில், வண்டிக் கதவைத் திறந்துவைத்து ஹீட்டரை மூட்டிப் பார்ப்போம் என்றேன். "இதென்ன அத்தான், கிருகப்பிரவேசமா?" என்று சிரித்தான் மைத்துனன். ஆனாலும் சம்மதித்தான்.

பொத்தானை அழுத்தினோம். விசிறி சுழன்றது, எண்ணெய் பம்ப் டக், டக் என்று அடித்தது, ஆனால் பற்றவில்லை. தானே நின்றுவிட்டது. புதுக்குழாயில் காற்று அடைத்திருக்கும். அது வெளியேறி டீசல் வந்துசேரவேண்டும். மறுமுறை பற்றியது. உடனே ஒரு காறலான வாடை. புது உலோகத்தின் மேலுள்ள எண்ணெயும் பூச்சும் தீயும் வாடை அது. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது.

இவ்வளவும் நடு இரவில், மலையடிவாரத்தில் நடந்திருந்தால்? ஒருவன் பதறிப்போய் மின்சாரத்தையே துண்டிப்பான். அது தவறு. அணைத்த பிறகும் சில நிமிஷங்கள் விசிறி ஓடினால்தான் யந்திரத்தின் சூடு ஆறும். இல்லாவிட்டால் யந்திரம் கெடும். இன்னொருவன், "புதுசு, அப்படித்தான் நாறும்" என்று கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிவிடுவான். இந்த இரண்டாமவனை நினைத்துத்தான் எனக்குப் பயம்.

ஏனென்றால், இந்த ஹீட்டரின் பெருமையே அது இரண்டு காற்றுகளைப் பிரித்துவைப்பதில்தான் இருக்கிறது. டீசல் எரிவது மூடிய அறைக்குள். அதற்கு வேண்டிய காற்றை வண்டிக்கு அடியிலிருந்து உறிஞ்சி, புகையைத் தனிக்குழாய் வழியே வெளியே தள்ளுகிறது. நாம் சுவாசிக்கும் காற்று அந்த அறையின் வெளிப்புறத்தைத் தழுவிச் சூடேறி வருகிறது. பிரிவினை சரியாக இருக்கும்வரை இதைப்போன்ற நல்ல தோழன் இல்லை. புகைக்குழாயின் இணைப்புத் தளர்ந்தால், வாயைப் பனியோ சேறோ அடைத்தால், வெளியேறிய புகை வண்டிக்கு அடியிலேயே தேங்கி உள்ளே ஏறினால், அதே தோழன் எமன். கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை அது பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றுகிறது. விழித்திருப்பவனுக்குத் தலைவலி வந்து எச்சரிக்கும்; தூங்குகிறவனை யார் எச்சரிப்பது? கொடைக்கானலில் பூட்டிய அறைக்குள் கரி மூட்டிக் குளிர்காய்ந்து, காலையில் எழாமலே போனவர்களின் செய்தியை நாம் படித்ததில்லையா? விஷம் அதேதான்.

"ஜெர்மானியர் செய்த யந்திரத்தைச் சந்தேகிக்கலாமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். எபர்ஷ்பெக்கர் 1865-லும், வெபாஸ்டோ 1901-லும் ஆரம்பித்த ஸ்தாபனங்கள், வாஸ்தவம். யந்திரத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அதை வண்டியில் பொருத்திய கையையும், இன்றிரவு வண்டி நிற்கப்போகும் இடத்தையும் ஜெர்மனியில் இருப்பவர் பார்க்கவில்லையே!

"எல்லாம் கையேட்டில் இருக்கிறதே!" என்றார் இன்னொருவர். பந்தல்துணி கட்டுவதும்தான் கையேட்டில் இருக்கிறது. அதற்கு அரைமணி நேரம் உண்டு; நெருப்புக்குப் பத்து நிமிஷம் கிடையாதா?

"எல்லாரும் மெக்கானிக் ஆக முடியுமா?" என்பது மூன்றாவது வாதம். என் தாயார் மெக்கானிக் அல்ல. ஆனால் பம்ப் ஸ்டவ்வில் பர்னர் காய்வதற்குள் காற்றடித்தால் மண்ணெண்ணெய் குப்பென்று பற்றும் என்பது அவளுக்குத் தெரியும். அவளை முதன்முதலில் அடுப்படியில் விட்டவர்கள் அதைச் சொல்லிக்கொடுத்துத்தான் விட்டார்கள். நெருப்பை ஒருவர் கையில் கொடுக்கும்போது அதன் குணத்தையும் சேர்த்துக் கொடுப்பது மனித தர்மம். அந்தத் தர்மத்தைப் பொத்தான் ரத்து செய்துவிடவில்லை.

அந்த விஷவாயுவைக் கண்டு அலறும் கருவி இருக்கிறது. இத்தகைய வண்டிகளுக்கென்றே ஐரோப்பாவில் இ.என். 50291-2 என்ற தரநிர்ணயமும் இருக்கிறது. பந்தல்துணியின் விலையில் சிறு பகுதிகூட ஆகாது. ஆனால் துணியைக் காட்டி வண்டியை விற்கலாம். அபாயத்தைக் காட்டி விற்க முடியாது. ஆகவே கடைக்காரர் அதைப்பற்றி வாய் திறப்பதில்லை. சுகத்தை விலைபேசுகிறவன் அதன் அபாயத்தை மறைத்தால், அதற்குப் பெயர் உபசாரமல்ல, வஞ்சனை.

வண்டி வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கூச்சப்படாமல் கேளுங்கள்: "புகை எந்த வழியாக வெளியே போகிறது? குனிந்து எனக்குக் காட்டுங்கள்." காட்டிய பிறகு, உங்கள் கண்ணெதிரே ஒரு தடவை மூட்டி அணைக்கச் சொல்லுங்கள். அதற்கு நேரமில்லை என்கிற கடையில் சாவியைக் கையில் வாங்காதீர்கள்.